ஜலதோஷ மாத்திரையும் அதனுள் அடங்கிய மருந்துகளும்

மழைக்காலத்தில் மூக்கடைப்பும் தும்மலும் கண்டால், வைத்தியரிடம் செல்லாது மருந்துக் கடையில் "ஜலதோஷத்திற்கு மாத்திரை" என்று கேட்டு வாங்கி விழுங்கும் வழக்கம் நம் அங்கத்தினர் பலரிடம் உண்டு. அந்த ஒரு மாத்திரைக்குள் பெரும்பாலும் மூன்று மருந்துகள் அடங்கியிருப்பதை அறிந்தோர் சிலரே. ஆகவே இம்மாதம் அதனை ஆராய்வோம்.

மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் படித்தால், காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால், தும்மலுக்கும் நீர் ஒழுகலுக்கும் குளோர்பெனிரமைன், மூக்கடைப்புக்குப் பினைல்எப்ரின் என்னும் பெயர்கள் காணப்படும். சிலவற்றில் கஃபீனும் சேரும். இரண்டு மாத்திரைகளை மட்டும் கத்தரித்து வாங்குவோருக்கு இப்பெயர்கள் கிட்டாமற் போவதுண்டு. அவர்கள் கடைக்காரரிடம் முழு அட்டையையும் வாங்கிப் பார்த்துப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுதல் நலம்.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். 500 மில்லிகிராம் பாராசிட்டமால் கொண்ட ஜலதோஷ மாத்திரையை ஒருவர் நாளொன்றுக்கு நான்கு வேளை உட்கொள்கிறார். உடம்பு சுடுகிறதே என்று 650 மில்லிகிராம் காய்ச்சல் மாத்திரையையும் நான்கு வேளை சேர்த்துக்கொள்கிறார். முன்னதில் 2,000, பின்னதில் 2,600. ஆகமொத்தம் 4,600 மில்லிகிராம். நல்ல உடல்நிலையுள்ள பெரியவருக்கும் ஒரு நாளின் உச்ச வரம்பு 4,000 மில்லிகிராமே. மெலிந்தவர்களுக்கும், மதுப்பழக்கமோ கல்லீரல் நோயோ உடையவர்களுக்கும் அதனினும் குறைவு. பெயர் வேறு, நிறம் வேறு என்பதால் மருந்தும் வேறென்று அவர் எண்ணிவிட்டார். கல்லீரலோ இரண்டையும் கூட்டியே கணக்கிடுகிறது. இதில் வஞ்சகம் யாதெனில், அளவு மிஞ்சிய முதல் நாளில் குமட்டலைத் தவிர வேறொன்றும் தோன்றாதிருக்கலாம். மஞ்சள் காமாலை தெரிவதற்குள் கல்லீரல் பழுதுபட்டிருக்கும். அசிட்டைல்சிஸ்டீன் என்னும் மாற்று மருந்து உண்டு. மிகுதியாக உட்கொண்ட எட்டு மணி நேரத்திற்குள் அளித்தால் அதன் பலன் சிறந்தது. எனவே அளவு மிஞ்சியதென்று ஐயம் எழுந்த உடனே, அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

குளோர்பெனிரமைன் தூக்கத்தை வருவிக்கும். இரவில் உண்டவருக்கு மறுநாட் காலையிலும் மந்தம் நீடிப்பதுண்டு. விசைத்தறியின் முன் நிற்பவரும், தென்னை ஏறுபவரும், டிராக்டர் ஓட்டுபவரும் இதனை உண்டு வேலைக்குச் செல்லலாகாது. மதுவுடன் சேர்ந்தால் மயக்கம் மேலும் மிகும். சிறுநீர் பிரிய இடர்ப்படும் முதியவர்களும், கண்ணழுத்த நோயுடையோரும் வைத்தியரைக் கேளாமல் இதைத் தொடவே கூடாது.

பினைல்எப்ரின் இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடும். அவ்வாறிருந்தும், வாய்வழி உட்கொண்டால் அது மூக்கடைப்பை நீக்குவதில்லை என்று அமெரிக்க அரசின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் முடிவு கூறிற்று. காசு கொடுத்து வாங்கும் நமக்கு இது சிந்திக்கத் தக்க செய்தி. குளோர்பெனிரமைனும் பினைல்எப்ரினும் சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது என்ற எச்சரிக்கையை அச்சிடுமாறு, நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி 2023 டிசம்பரில் உத்தரவிட்டார். பெரியவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் குழந்தைக்குக் கொடுக்கும் வழக்கத்தைத் தாய்மார்கள் அறவே விட்டொழிக்க வேண்டும்.

எல்லாத் தும்மலும் ஜலதோஷமன்று. தறிக் கூடத்துப் பஞ்சுத் தூசியாலோ, கதிரடிக்கும் களத்துத் தூசியாலோ கண்ணும் மூக்கும் அரித்துத் தும்மல் வந்து, காய்ச்சலும் வலியும் இல்லையெனில், அவருக்குப் பாராசிட்டமால் எதற்கு? ஒவ்வாமைக்கு உரிய மருந்து ஒன்றே, அதுவும் வைத்தியர் சொற்படி, போதும். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு வேலை செய்வதும் ஓரளவு உதவும். விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மட்டும் மார்பு இறுகுவதாகப் பஞ்சாலைத் தொழிலாளர் எவரேனும் கூறினால், அது பஞ்சுத் தூசியால் நுரையீரலுக்கு வரும் நோயாக இருக்கலாம். அவர் செல்ல வேண்டிய இடம் மருந்துக் கடையன்று, நெஞ்சு நோய் மருத்துவரின் இல்லம்.