நான்கு சக்கரமும் இழுக்கும் பந்தய வண்டி: தேர்ந்தெடுக்கும் முறை

  

சென்ற ஆண்டு தீபாவளி கழிந்து மூன்று வாரம் இருக்கும். நம் பள்ளி மாணவன் ஒருவனின் தந்தையார், வேலை முடிந்த மாலைப் பொழுதில், கையில் ஓர் அட்டைப் பெட்டியுடன் நம் இல்லம் வந்து சேர்ந்தார். பெட்டியினுள் வானொலி அலையால் இயங்கும் பந்தய வண்டி ஒன்று அசைவற்றுக் கிடந்தது. பிள்ளைகள் இதனை ‘ரிமோட் கார்’ என்பர். கரடுமுரடான தரையில் ஓடுவதற்கென்றே அமைந்த இவ்வகை வண்டிக்குப் ‘பக்கி’ என்று பெயர்.

தீபாவளித் துணி எடுக்கக் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குச் சென்று திரும்பும் வழியில், ஒரு கடையில் மகன் அதனைக் கண்டு நின்றுவிட்டானாம். “எங்கள் காலத்தில் பழைய செருப்பின் அடியை வட்டமாக வெட்டி, பால் டின்னில் கோத்து ஓட்டினோம், ஐயா. இவனாவது நல்ல வண்டி ஓட்டட்டும் என்று கூட்டுப் பணத்தை எடுத்து வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் வாரமே உள்ளே இருந்த பெல்ட் அறுந்துவிட்டது. அந்தக் கடையில் மாற்றுப் பெல்ட் இல்லை என்கிறார்கள். பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை” என்றார்.

வாங்குமுன் எதைப் பார்த்தீர்கள் என வினவினோம். பெட்டியின் மேலிருந்த படத்தையும், அதில் அச்சிட்டிருந்த வேகத்தையும் பார்த்ததாகச் சொன்னார். அன்று நம்மாலும் அவருக்கு விடை கூற இயலவில்லை. பின்னர் அறிவியல் கழக மாணவருடன் அமர்ந்து அவ்வண்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பார்த்துக் கற்றவற்றையே இங்குப் பாடமாகத் தருகின்றோம். பொருளை வாங்கிய பின் கற்பதிலும், வாங்குமுன் கற்பது நன்றன்றோ?

நான்கு சக்கர இயக்கம் என்றால் என்ன?

தோட்டங்களில் ஓடிய லேண்ட்ரோவர் வண்டியைப் பெரியவர்கள் அறிவர். 1948இல் முதன்முதலாக வெளிவந்த அவ்வண்டி, மழையில் குழைந்த செம்மண் பாதையிலும் மேடேறியதற்குக் காரணம், அதன் நான்கு சக்கரங்களுக்கும் இயந்திரத்தின் ஆற்றல் சென்றமையே. சாதாரணக் காரில் இரண்டு சக்கரங்களே இழுக்கும். மற்ற இரண்டும் உருண்டு உடன் வரும்.

ஒரு சக்கரம் தரையைப் பற்றும் வலிமை, அதன்மேல் அமரும் எடையைப் பொறுத்தது. ஒரு பந்தய வண்டியின் எடை 1,600 கிராம் எனவும், அதில் 1,000 கிராம் பின்சக்கரங்களின் மேல் அமர்கின்றது எனவும் கொள்வோம். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியில் 1,000 கிராம் எடையே தரையைப் பற்ற உதவும். நான்கும் இழுக்கும் வண்டியிலோ 1,600 கிராமும் உதவும். ஆதலால் மணலிலும் சரளையிலும் இரண்டாவது வண்டி சறுக்காமல் பாய்ந்து செல்கின்றது. ஆனால் அதனுள் பல்சக்கரங்கள் மிகுதி. பழுதாகக்கூடிய இடங்களும் மிகுதி. இதனை முதலிலேயே மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

வளைவில் நேரும் சிக்கல்

வண்டி வளையும்போது உட்புறச் சக்கரம் சிறு வட்டத்திலும், வெளிப்புறச் சக்கரம் பெரு வட்டத்திலும் செல்லும். உள்வட்டத்தின் ஆரம் 100 செ.மீ., வெளிவட்டத்தின் ஆரம் 120 செ.மீ. எனில், உட்சக்கரம் ஒரு சுற்றில் 628 செ.மீ. ஓடும், வெளிச்சக்கரம் ஏறத்தாழ 754 செ.மீ. ஓடும். வேறுபாடு 126 செ.மீ. இரண்டையும் ஒரே அச்சில் இறுகப் பூட்டினால் ஒன்று தரையில் தேய்ந்து இழுபடும். வண்டி வளைய மறுக்கும். இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடந்தரும் பல்சக்கரத் தொகுதிக்கு ‘டிஃபரன்ஷியல்’ என்று பெயர். முன்னும் பின்னும் இத்தொகுதி உள்ள வண்டியையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு பக்கத்துப் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். மறுபக்கத்துச் சக்கரம் எதிர்த்திசையில் சுழன்றால் டிஃபரன்ஷியல் உள்ளது எனத் தெளியலாம்.

தண்டா? பெல்ட்டா?

பின்னே இருக்கும் மோட்டாரின் ஆற்றலை முன்சக்கரத்திற்குக் கொண்டு செல்வது எங்ஙனம்? 1985இல் ஜப்பானின் தமியா நிறுவனம் வெளியிட்ட அதன் முதல் நான்கு சக்கர இயக்கப் பக்கியான ‘ஹாட்ஷாட்’, நீண்ட தண்டு ஒன்றினால் இதனைச் செய்தது. அதே ஆண்டில் கியோஷோ நிறுவனத்தின் ‘ஆப்டிமா’ மிதிவண்டியைப் போன்று சங்கிலியைக் கொண்டு செய்தது. 1987இல் இங்கிலாந்தில் நடந்த உலகப் போட்டியில் நான்கு சக்கர இயக்கப் பிரிவில் வென்ற சூமேக்கர் நிறுவனத்தின் ‘கேட்’ வண்டி பெல்ட்டினால் இயங்கியது. அதனை ஓட்டி வென்ற ஜப்பானிய இளைஞர் மசாமி ஹிரோசாக்காவிற்கு அப்பொழுது வயது 17. பின்னாளில் அவர் மொத்தம் 14 உலகப் பட்டங்களை வென்றார். அவருடைய தந்தையாரே அவருக்கு மெக்கானிக்காக உடன் நின்றவர் என்பதைப் பெற்றோர்கள் கருத்தில் இருத்துவார்களாக.

ஆகவே பெல்ட் வண்டி தாழ்ந்தது அன்று. அது ஓசையின்றி இலகுவாக ஓடும். ஆனால் பெல்ட் திறந்த நிலையில் இருந்தால், சிறு கல் ஒன்று பல்லிடையில் சிக்கினாலும் அறுந்துவிடும். தண்டு வண்டியில் பல்சக்கரங்கள் மூடிய பெட்டிக்குள் இருப்பதால் மண் எளிதில் புகாது. லயத்தின் முன்னுள்ள செம்மண்ணிலும் செம்பனைக் காட்டுச் சரளைப் பாதையிலும் ஓட்டப்போகும் பிள்ளைக்கு மூடிய பெட்டியுள்ள தண்டு வண்டியே பொருத்தம். நம் நண்பர் வாங்கிய வண்டி திறந்த பெல்ட் வண்டி. வண்டியின்மேல் குற்றமில்லை, அது ஓடிய தரைக்கு அது ஏற்றதன்று.

மோட்டாரும் பல்சக்கரமும்

மோட்டாரின் முனையிலுள்ள சிறு பல்சக்கரத்தில் 20 பற்களும், அது சுழற்றும் பெரிய பல்சக்கரத்தில் 80 பற்களும் இருப்பின், மோட்டார் 4 முறை சுழன்றால் பெரியது ஒரு முறை சுழலும். சிறு சக்கரத்தை 25 பற்களுள்ளதாக மாற்றினால் 3.2 முறையே போதும், வண்டி வேகமெடுக்கும். ஆயினும் மோட்டாருக்குச் சுமை கூடி, அது சூடேறிக் கெடும். மிதிவண்டியில் பெரிய கியரில் மேடேறுபவன் மூச்சுத் திணறுவதைப் போன்றதே இது. வேகத்தை மட்டும் நாடுவோர் மோட்டாரை இழப்பர். தொடக்கநிலை மாணவர், பெட்டியுடன் வரும் பல்சக்கரத்தையே வைத்துக் கொள்க.

மின்கலமும் கைப்பெட்டியும்

நிக்கல் வகை மின்கலத்தில் 1.2 வோல்ட் கொண்ட 6 அறைகள் சேர்ந்து 7.2 வோல்ட் தரும். லித்தியம்-பாலிமர் வகையில் 3.7 வோல்ட் கொண்ட 2 அறைகளே 7.4 வோல்ட் தரும். பின்னது இலேசானது, வலிமை மிக்கது. ஆனால் தவறாகக் கையாண்டால் தீப்பற்றக் கூடியது. வீங்கிய மின்கலத்தில் ஒருபோதும் மின்னேற்றுதல் ஆகாது. பெரியவர் எவரும் அருகில் இல்லாதபோதும், இரவில் உறங்கும்போதும் மின்னேற்றுதல் கூடாது. பலகைச் சுவர் உள்ள வீடுகளில் இவ்வெச்சரிக்கை இருமடங்கு தேவை. தொடக்கநிலையில் நிக்கல் வகையே போதுமானது. மின்னேற்றியில் சிரிம் முத்திரை உள்ளதா எனவும் பார்த்தல் வேண்டும்.

முற்காலக் கைப்பெட்டிகள் 27 மெகாஹெர்ட்ஸ் அலையில் இயங்கின. ஒரே அலைவரிசையில் இருவர் ஓட்டினால் ஒருவன் கட்டளைக்கு மற்றவன் வண்டி ஓடும்! இக்காலத்து 2.4 கிகாஹெர்ட்ஸ் கைப்பெட்டி, தன் வண்டியை மட்டும் அடையாளங்கண்டு இயக்கும். முதலில் இயக்க வேண்டியதும், இறுதியில் அணைக்க வேண்டியதும் கைப்பெட்டியே. முறை மாறினால் வண்டி கட்டுக்கடங்காமல் ஓடிவிடக்கூடும்.

விலையைக் கணக்கிடும் முறை

2025 பிப்ரவரி முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அதனை 26 வேலை நாள்களால் வகுத்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 65 வெள்ளி. வண்டி, மின்கலம், மின்னேற்றி, உதிரிப் பாகங்கள் ஆகிய அனைத்தின் விலையையும் கூட்டி 65ஆல் வகுத்துப் பாருங்கள். மொத்தம் 650 வெள்ளி எனில், அது தந்தையோ தாயோ பத்து விடியற்காலைகளில் பெரட்டுக்கு எழுந்து உழைத்த உழைப்பு. இக்கணக்கைப் பிள்ளைகளே செய்து பார்த்தல் வேண்டும் என்பது நம் விருப்பம். பிள்ளைகள் ஆசைப்படுவது தவறு எனக் கூற வந்தோமில்லை. கணக்குத் தெரிந்து ஆசைப்படுவது அறிவுடைமை.

கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய வினா, “எவ்வளவு வேகம் ஓடும்?” என்பதன்று. “இது உடைந்தால் இதன் பாகம் உங்களிடம் கிடைக்குமா?” என்பதே. பாகத்தை எடுத்துக் காட்ட இயலாத கடையில், வண்டி எவ்வளவு அழகாக இருப்பினும் வாங்காதீர்.

அறுந்த பெல்ட் என்னாயிற்று?

பல்லுள்ள பெல்ட்டைப் பல் எண்ணிக்கை, பல்லுக்குப் பல் உள்ள தூரம், அகலம் ஆகிய மூன்று அளவுகளால் அறியலாம். அம்மாணவன் நம் வீட்டு விளக்கின்கீழ் அமர்ந்து, அறுந்த பெல்ட்டின் பற்களை மும்முறை எண்ணி நோட்டில் குறித்தான். தந்தையார் அளவுகோலைப் பிடித்தார். அவ்வளவுகளைக் கொண்டு கோலாலம்பூரில் வேறொரு கடைவழி பெல்ட்டைத் தருவித்தோம். பள்ளி விடுமுறையில் தந்தையும் மகனுமாகத் திருப்புளி பிடித்து அதனைப் பூட்டினர். இப்பொழுது அவ்வண்டி செம்மண்ணை விட்டு, நம் பள்ளிப் பூப்பந்துத் திடலின் சிமெண்டுத் தரையில் மட்டும் ஓடுகின்றது. இன்று வரை பெல்ட் அறவில்லை.

“வண்டி வாங்கிக் கொடுத்த அன்றைவிட, அதைப் பழுது பார்த்த அன்றுதான் பையன் என்னோடு அதிகம் பேசினான், ஐயா” என்று அத்தந்தையார் நம்மிடம் கூறினார். செந்தூல் இரயில் பணிமனையிலும், பிரிக்பீல்ட்ஸ் இரயில் குடியிருப்புகளிலும் வாழ்ந்த நம் முன்னோர் பலர் இரும்பையும் இயந்திரத்தையும் கையாண்டு வாழ்க்கை நடத்தியவர்கள். அந்தக் கைத்திறன் நம் பிள்ளைகளிடத்தும் உண்டு. அதற்கு ஒரு திருப்புளியும், உடன் அமரும் ஒரு பெரியவரும் வேண்டும்.

மாணவர்களே! தரையைப் பாருங்கள், பாகம் கிடைக்குமா எனக் கேளுங்கள், உழைப்பு நாள்களைக் கணக்கிடுங்கள். அதன்பின் வண்டியைத் தேர்ந்தெடுங்கள். வாங்க இயலாதவர் வருந்த வேண்டா. அறிவியல் கழகத்திற்கு வாருங்கள், அனைவரும் சேர்ந்து கற்போம்.

பயிற்சி வினாக்கள்

1. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி மணலில் சறுக்காமைக்குக் காரணம் யாது?
2. உள்வட்ட ஆரம் 150 செ.மீ., வெளிவட்ட ஆரம் 170 செ.மீ. எனில், ஒரு சுற்றில் இரு சக்கரங்களும் ஓடும் தூரத்தின் வேறுபாடு எவ்வளவு?
3. சிறு பல்சக்கரத்தில் 16 பற்களும் பெரியதில் 80 பற்களும் இருப்பின், பெரியது ஒரு முறை சுழல மோட்டார் எத்தனை முறை சுழலும்?
4. உங்கள் வீட்டின் முன்னுள்ள தரை எத்தகையது? அதற்கேற்ற வண்டி எது? பெற்றோருடன் கலந்து பேசி விடை எழுதுக.