கைத்தொலைபேசியில் பூமிப் பாடமும் பௌதிகமும்



மலைநாட்டில் கொழுந்து எடுக்கிறவர்கள் மட்டுமல்ல, மட்டக்களப்புப் பக்கம் தென்னந்தோட்டத்திலும் கஜுத் தோட்டத்திலும் வேலை செய்கிறவர்களும் இந்த மடலை வாசிக்கிறீர்கள். அண்மையில் சித்தாண்டியில் ஒரு மாலை வகுப்பில் பிள்ளைகளோடு இருந்தோம். வகுப்பு முடிய ஒரு தகப்பனார் எங்களிடம் வந்து கேட்டார்: "சேர், மாதம் மாதம் போனுக்கு டேட்டா போட்டுக் குடுக்கிறன். புள்ள படிக்குதா, சும்மா படம் பாக்குதா எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

நியாயமான கேள்வி. உழைத்த காசில் ரீலோட் போடுகிறவர் கேட்கத்தான் வேண்டும். விஞ்ஞானமும் புவியியலும் படிக்கிற பிள்ளைக்குக் கைத்தொலைபேசியில் உண்மையாக உதவக்கூடியவை எவை, அவற்றை எப்படிப் பாவிப்பது, எங்கே கவனமாக இருப்பது என்பதை இம்முறை பாடமாகத் தருகிறோம். முக்கியமாக ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: போனில் பார்த்ததைப் பாடப்புத்தகத்தோடும், வீட்டு வாசலில் கண்ணால் காண்பதோடும் ஒப்பிட்டுப் பார்க்கிற பிள்ளைதான் படிக்கிற பிள்ளை.

பூமிப் பாடம் எதற்கு?

2004 டிசெம்பர் 26 காலை தாய்லாந்தின் புக்கெட் தீவுக் கடற்கரை ஒன்றில் டிலி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலச் சிறுமி நின்றாள். கடல் நுரைத்து வித்தியாசமாக அசைவதைக் கண்டாள். இரண்டு கிழமைக்கு முன்னர்தான் அவளுடைய புவியியல் வகுப்பில் சுனாமி பற்றிப் படிப்பித்து, ஹவாய்த் தீவில் நடந்த சுனாமியைப் படமாகவும் காட்டியிருந்தார்கள். "இது சுனாமி" என்று தாய் தகப்பனிடம் விடாமல் சொன்னாள். கரையில் நின்ற ஏறத்தாழ நூறு பேர் நேரத்தோடு விலகித் தப்பினார்கள்.

அதே காலையில் எங்கள் கிழக்குக் கரையில் கடல் உள்வாங்கியபோது, அது என்ன அறிகுறி என்று பலருக்குத் தெரியவில்லை. ஒரு பாடம் தெரிந்திருப்பதற்கும் தெரியாமல் இருப்பதற்கும் இடையிலுள்ள வித்தியாசம் சில வேளை உயிராகவே இருக்கும்.

முதலில் பாடப்புத்தகம்

புத்தகம் தொலைந்துவிட்டது, நனைந்துவிட்டது என்று பிள்ளை சொன்னால் கவலைப்பட வேண்டாம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடப்புத்தகங்கள் தமிழிலேயே இருக்கின்றன, காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' தளத்தில் தரம் வாரியாகத் தமிழ்ப் பாடங்களும் பயிற்சிகளும் உள்ளன. மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் கிடைக்கும். ஆசிரியர் வழிகாட்டி ஆசிரியருக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலையில் படிக்கிற பிள்ளைக்கு, எந்த அலகில் எதை அறிந்திருக்க வேண்டும் என்று அது வரிசையாகச் சொல்லும்.

பழைய தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் தேவையானால் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம் இருக்கிறது. 2005 இல் தொடங்கியது. இலங்கைத் தமிழ் வெளியீடுகள் ஆயிரக்கணக்கில் அங்கே உண்டு.

சொல் மாறினால் புள்ளி போகும்

இது முக்கியமான இடம், ஆறுதலாக வாசியுங்கள். யூடியூப்பில் தமிழில் பௌதிகம் தேடினால் வருகிற பாடங்களில் நிறையத் தமிழ்நாட்டுப் பாடங்கள். நல்ல பாடங்கள்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவர்களுடைய கலைச்சொல் வேறு, எங்களுடையது வேறு.

சில சொற்கள் பார்த்தவுடனேயே வேறு என்று தெரிந்துவிடும். பௌதிகவியலை அவர்கள் இயற்பியல் என்பார்கள். இரசாயனவியல் அங்கே வேதியியல். ஆர்முடுகல் அங்கே முடுக்கம், மீடிறன் அங்கே அதிர்வெண், அடையற்பாறை அங்கே படிவுப் பாறை. இவற்றால் பெரிய ஆபத்து இல்லை.

ஆபத்து எங்கே என்றால், ஒரே சொல் இரண்டு இடத்திலும் இருந்து கருத்து மட்டும் மாறுகிற இடத்தில்:

நிறை: இலங்கைப் புத்தகத்தில் இது புவி ஒரு பொருளை இழுக்கும் விசை, அலகு நியூட்டன். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் 'நிறை' என்பது நாங்கள் திணிவு என்று சொல்வது, அலகு கிலோகிராம். எங்கள் நிறையை அவர்கள் 'எடை' என்பார்கள்.

வேகம்: இலங்கையில் திசையோடு கூடியது வேகம், திசை இல்லாதது கதி. தமிழ்நாட்டில் திசை இல்லாததை வேகம் என்றும், திசையோடு கூடியதைத் திசைவேகம் என்றும் சொல்வார்கள்.

சித்தாண்டி வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று 'நிறை = 5 கிலோகிராம்' என்று எழுதியிருந்தது. "வீடியோவில அப்பிடித்தானே சேர் சொன்னாங்க" என்றது. வீடியோவும் பிழை இல்லை, பிள்ளையும் பிழை இல்லை. ஆனால் எங்கள் பரீட்சையில் அந்த விடைக்குப் புள்ளி கிடைக்காது.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் "நிறை 20 கிலோ" என்றுதான் நாமும் பேசுகிறோம். பேச்சுக்கு அது போதும். விஞ்ஞானத்தில் அந்தக் கொழுந்தின் திணிவு 20 கிலோகிராம். புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 என்று எடுத்தால் அதன் நிறை 200 நியூட்டன். வீடியோ பார்க்கும்போது பக்கத்தில் ஒரு கொப்பி வைத்து, 'அவர்கள் சொல் – எங்கள் சொல்' என்று இரண்டு நிரலாக எழுதி வந்தால் இந்தச் சிக்கல் வராது.

செய்து பார்க்கிற பாடம்

ஆய்வுகூடம் இல்லாத பாடசாலைகளுக்கு உதவுவது 'ஃபெட்' என்ற தளம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002 இல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் கார்ல் வீமன், 2001 இல் பௌதிகத்துக்கு நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். மின்கலம், மின்குமிழ், வயர் எல்லாவற்றையும் திரையில் விரலால் இழுத்து இணைத்தால் குமிழ் எரியும், பிழையாக இணைத்தால் தீப்பிடிப்பது போலக் காட்டும். சில பாடங்கள் தமிழிலும் உண்டு. ஒரு தடவை இறக்கி வைத்தால் பின்னர் டேட்டா இல்லாமலும் இயங்கும் பாடங்கள் இருக்கின்றன.

ஒன்று சொல்லிவைக்கிறோம்: திரையில் செய்த இணைப்பை வீட்டு மின்சாரத்தில் செய்து பார்க்கக் கூடாது. டோர்ச் பற்றரியும் சிறிய குமிழும் போதும்.

பூமி அதிர்வதைப் பார்க்கலாம்

'யூ.எஸ்.ஜீ.எஸ்.' எனப்படும் அமெரிக்க நிறுவனத்தின் பூமியதிர்ச்சி வரைபடத்தை யாரும் பார்க்கலாம். ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, ஆனால் புள்ளிகளைப் பார்க்க ஆங்கிலம் தேவையில்லை. உலகில் அண்மையில் பூமி அதிர்ந்த இடங்கள் புள்ளியாகத் தெரியும். ஒரு மாதம் பார்த்து வந்தால் பிள்ளைக்கே விளங்கும்: புள்ளிகள் கண்டபடி சிதறவில்லை, பெரும்பாலும் கோடு கோடாக விழுகின்றன. அந்தக் கோடுகள்தான் புவித்தட்டுகளின் விளிம்புகள். சுமாத்திராவை ஒட்டி ஒரு கோடு ஓடுகிறது. இலங்கை விளிம்பில் இல்லை, தட்டின் உள்ளே இருக்கிறது. அதனால்தான் இங்கே பெரிய அதிர்ச்சிகள் அரிது.

இப்போது ஒரு கணக்கு. 2004 இல் அதிர்ச்சி தொடங்கிய இடத்திலிருந்து மட்டக்களப்புக் கரை ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர். அலை வர எடுத்த நேரம் சுமார் 2 மணித்தியாலம். அப்படியானால் சராசரிக் கதி 1,600 ÷ 2 = மணிக்கு 800 கிலோமீற்றர். விமானம் பறக்கிற கதி! ஆனாலும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. அறிவித்திருந்தால் தப்ப நேரம் இருந்தது என்பதையும் இதே கணக்குத்தான் சொல்கிறது.

மழையை அளப்போம்

சித்தாண்டியில் வானம் வெளித்திருக்கும் நாளிலும் மேற்கே சந்தனமடு ஆறு பெருகி வரும். மழை பெய்தது இங்கே அல்ல, மேற்கே உள்ள உயர்ந்த நிலத்தில். ஆற்றை அறிய வேண்டுமென்றால் ஊர் மழையை மட்டும் பார்த்தால் போதாது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழை விபரத்தையும், நீர்ப்பாசனத் திணைக்களத்தின் ஆற்று நீர்மட்டத்தையும் போனில் பார்க்கப் பழக வேண்டும்.

மலைநாட்டில் இதே மழை வேறு முகம் காட்டும். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்களை மூடியதை மறக்க முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போதும் மலைநாட்டில் பல இடங்களில் மண் சரிந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று கட்டமாகத் தருகிறது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் முதற் கட்டம், விழிப்பாக இருக்க வேண்டும். 100 ஐத் தாண்டினால் இரண்டாம் கட்டம், வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 ஐத் தாண்டினால், ஆபத்தான இடத்தை விட்டு வெளியேற வேண்டும்.

இந்த எண்கள் விளங்க ஒரு மழைமானி செய்வோம். பக்கம் நேராக உள்ள பிளாஸ்டிக் போத்தலின் தலைப்பகுதியை வெட்டி, மூடியைக் கழற்றி, தலைகீழாக அதே போத்தலில் புனல் போலப் பொருத்துங்கள். அடியில் சில கல்லைப் போட்டு, நேரான பகுதி தொடங்கும் வரை தண்ணீர் விட்டு அங்கே பூச்சியம் என்று குறியுங்கள். அதிலிருந்து மேலே அடிமட்டத்தால் மில்லிமீற்றர் குறியுங்கள். மரமும் கூரையும் மறைக்காத வெளியில் வைத்து, நாள்தோறும் காலை 8.30க்கு வாசித்து, மறுபடி பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். திணைக்களமும் அந்த நேரத்தில்தான் அளக்கிறது. அதனால் இரண்டையும் ஒப்பிடலாம்.

ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை என்றால் 1 லீற்றர் தண்ணீர். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவின் மேல் 150 மில்லிமீற்றர் பெய்தால் ஏறத்தாழ 1,670 லீற்றர். ஒரு ஏக்கர் சரிவில் சுமார் 600 தொன். அந்தப் பாரத்தில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கினால் மலை ஏன் வழுக்குகிறது என்று பிள்ளைக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

உங்கள் போத்தல் உத்தியோகபூர்வ எச்சரிக்கைக்குப் பதிலாகாது. ஆனால் நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் அறிவித்தல் வரும்வரை காத்திராதீர்கள். உடனே விலகுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

டேட்டாவை மிச்சம் பிடிக்க

வீடியோவைவிடப் புத்தகப் பிரதிக்கு டேட்டா மிகக் குறைவு. ஒரு வீட்டார் இறக்கியதை ஐந்து வீட்டார் புளூடூத்தில் பகிரலாம். வீடியோவை நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து பார்த்தால் செலவும் குறையும், சந்தேகமும் தீரும். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் விடை சொல்லும். ஆனால் பிழையையும் அடித்துச் சொல்லும். புத்தகத்தில் சரிபார்க்காமல் கொப்பியில் எழுத வேண்டாம்.

அந்தத் தகப்பனாருக்குச் சொன்னது

"ஐயா, உங்களுக்கு விஞ்ஞானம் தெரிய வேண்டியதில்லை. இரவு சாப்பிடும்போது, 'மகள், இண்டைக்கு என்ன பாத்த நீ? எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு' எண்டு கேளுங்க. சொல்ல முடிந்தால் படித்திருக்கிறாள். சொல்ல முடியாவிட்டால் நாளைக்கு மறுபடி பார்க்கச் சொல்லுங்க." அவர் சிரித்துக்கொண்டு, "அது என்னால ஏலும் சேர்" என்றார். உங்களாலும் ஏலும்.

பயிற்சி

1. 30 கிலோகிராம் திணிவுள்ள கொழுந்து மூட்டையின் நிறை எவ்வளவு? அலகோடு எழுதுக.
2. ஒரு கிழமைக்கு மழைமானியை வாசித்து அட்டவணை அமைக்க. எந்த நாளில் மழை கூட?
3. பூமியதிர்ச்சி வரைபடத்தைப் பார்த்து, புள்ளிகள் கோடாக விழும் மூன்று இடங்களின் பெயரை எழுதுக.
4. 1978 நவம்பர் சூறாவளியை, அல்லது 2004 சுனாமியைக் கண்ட ஒரு பெரியவரிடம், அதற்கு முன்னர் வானமும் கடலும் எப்படி இருந்தன என்று கேட்டு எழுதுக. இது எந்தத் தளத்திலும் கிடைக்காது.