‘சகுனம்’: ஒரு சொல்லாய்வு

யாம் மாணவராயிருந்த காலத்தே நம் கல்லூரி விவாத மன்றில் ‘மூடநம்பிக்கை’ என்னுஞ் சொல் அடிக்கடி ஒலித்ததுண்டு. எதிரணியினரை வாயடைக்கச் செய்தற்கு அதனினும் எளிய கருவி வேறில்லை. அச்சொல்லை அத்துணைத் தாராளமாய் வீசிய யாம், அதற்கு முதல் இலக்காகிய ‘சகுனம்’ யாதென ஒருநாளேனும் ஆராய்ந்தோமல்லேம். அக்குறையை இம்மலரிலே சிறிது நிறைவு செய்ய முயல்கின்றோம்.

சகுனம் வடசொல். பறவை என்பதே அதன் முதற்பொருள். பாரதத்துச் சகுனியின் பெயரும் பறவையையே குறிக்கும். காட்டிற் பறவைகளாற் காக்கப்பட்டமையின் சகுந்தலைக்கு அப்பெயர் வந்ததென அவ்விதிகாசமே கூறும். சூதாடியும் பேதைப்பெண்ணும் ஒரே சொற்கூட்டிற் பொரித்த குஞ்சுகள் போலும்! பறவையின் பறப்பும் குரலுங் கொண்டு வருவதறியும் வழக்கம் ஏற்பட்டபின், பறவையின் பெயரே நிமித்தத்திற்கும் ஆயிற்று. தமிழும் இவ்வழியே சென்றது. ‘புள்’ என்பது பறவை, நிமித்தமும் புள்ளே. தொல்காப்பியம் நாளையும் புள்ளையும் பிற நிமித்தங்களையும் சேர்த்தே பேசுகின்றது. இலத்தீனில் நிமித்தத்தைக் குறிக்கும் ‘ஆஸ்பிசியம்’ என்னுஞ் சொல்லும் ‘பறவை பார்த்தல்’ என்றே பொருள்படும். ஒன்றையொன்று பார்த்து எழுதின எனக் கொள்ளவேண்டா. வானம் எல்லார்க்கும் பொது.

கட்டுக்கரைக் குளத்தை அறிந்தார்க்கு இதில் வியப்பில்லை. அருவியாற்று நீரை வாய்க்கால் வழியே பெற்று மன்னார்ப் பெருநிலத்து வயல்களுக்கு ஊட்டும் அக்குளம், 1954 முதல் சரணாலயமுமாகும். மாரி தொடங்க வடபுலத்து வாத்துக்கள் வந்திறங்கும். காலபோக விதைப்பும் அதனையொட்டியே நிகழும். இரவிலே பரண்மீதிருந்து வயல் காப்பவன், ஆட்காட்டி கத்தக் கேட்டால் எழுந்து வெளிச்சம் பிடிப்பான். ஆளோ விலங்கோ வருகின்றதென அவன் நம்புவது பெரும்பாலும் பொய்ப்பதில்லை. அது பட்டறிவு. அதே பறவை காலையில் வலம் மாறிப் பறந்ததென்று அவன் விதைப்பை ஒத்திவைப்பானாயின், அதுவே சகுனம். கேட்ட குரலொன்றே, கொண்ட பொருள்தான் வேறு.

சங்கப் புலவர்களும் இதிற் கருத்தொருமித்தாரல்லர். கழைதின் யானையார் வல்வில் ஓரியைப் பாடுங்கால், பரிசில் பெறாத இரவலர் வள்ளலைப் பழியார், புள்ளையும் புறப்பட்ட பொழுதையுமே பழிப்பர் என்றார். கபிலரோ, நாளும் புள்ளும் தீயவாயினும் மலையமானிடஞ் சென்றோர் வறிதே மீளார் என்றார். முன்னது நாகரிகம்; பின்னது துணிவு. எமக்குக் கபிலரே உவப்பு.

இனி, ‘மூடம்’ என்பது மயங்குதற் பொருளதாகிய வடமொழி அடியிற் பிறந்தது. ‘மூடு’ என்னுந் தமிழ்ச்சொல்லோடு அதனை இணைப்பார் கூற்றுப் பொருந்தாது. ‘நம்பு’ என்பதோ தமிழ். தொல்காப்பியர் அவ்வுரிச்சொல்லுக்கு நசை, அஃதாவது விருப்பம், எனப் பொருளுரைத்தார். முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் நெல்லும் மலருந் தூவி விரிச்சி கேட்டு நிற்கின்றனர். தாய்ப்பசுவைக் காணாது வாடுங் கன்றை ஆய்மகள் ஒருத்தி தேற்றுகின்றாள். அவள் பேசியது கன்றுக்கு. தலைவன் மீள்வான் என்பதற்கு நற்சொல்லாகக் கொண்டவர் அப்பெண்டிர். அவ்விருப்பத்தை மூடமென்று இகழ எமக்கு மனம் வரவில்லை.

ஆயினும், சகுனம் என்னுஞ் சொல் பறவையோடு நில்லாது மனிதர்மேலும் ஏறிற்று. எம் இளமையில், விதைநெற் கடகம் முற்றத்துக்கு வருமுன், கணவரை இழந்த எம் பெரியம்மா அடுக்களைக் கதவின் பின்னே சென்று நிற்பார். போகச் சொன்னார் எவருமிலர், தாமாகவே போவார். அந்நெல்லைப் புடைத்துத் தெரிந்தெடுத்தவரும் அவரே. விவாத மேடையில் மூடநம்பிக்கையைச் சாடிப் பரிசுபெற்று வீடு மீண்ட யாம், அக்கதவை ஒருமுறையேனுந் திறந்தோமல்லேம். பறவை தன்மேல் ஏற்றப்பட்ட பொருளை அறியாது, பெரியம்மா அறிந்திருந்தார்.

2009 இன் பின்னர், மீளக் குடியேறிய ஊர்களிலே கணவரை இழந்த பெண்கள் பலர் தாமே வயல் செய்கின்றனர். சென்ற காலபோகத்தின்போது அத்தகைய ஒருவரைக் குளக்கட்டிலே எதிர்ப்பட்டோம். தலையில் விதைநெற் கடகம். யாம் பேச்சுக் கொடுத்து நின்றதை அவர் விரும்பவில்லை. “ஐயா, கொஞ்சம் வழி விடுங்கோ. ஈரம் காயமுன்னம் விதைக்கவேணும்” என்றார்.

வழி விட்டோம்.