பட்டப்பெயரும் வாட்ஸ்ஆப் கேலியும்



சூரத்துல் ஹுஜுராத்தின் 11-ஆம் வசனத்தில், பிறரைப் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் அல்லாஹ் தடுக்கிறான். கேலிக்கு ஆளானவர் கேலி செய்பவரைவிட மேலானவராக இருக்கலாம் என்று காரணமும் சொல்கிறான்.

இதைச் சொன்னால் வாலிபர்கள், "ஹஜ்ரத், தமாஷுக்குத்தானே! பேச்சுரிமை இருக்கிறதே" என்கிறார்கள். இருக்கிறது. நம் மாவட்டத்து வழக்குகள் போகும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலேயே 2021 டிசம்பரில் ஒரு தீர்ப்பு வந்தது. சிறுமலைக்குச் சுற்றுலா போன ஒருவர், துப்பாக்கிப் பயிற்சிக்குப் போவதாக ஃபேஸ்புக்கில் விளையாட்டாக எழுதினார். வாடிப்பட்டி போலீஸ் வழக்குப் போட்டது. நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதை ரத்து செய்தார். நல்ல தீர்ப்பு. அந்தத் தமாஷில் எவருடைய உடம்பும் குறையும் சிரிப்புப் பொருளாகவில்லை.

நபி (ஸல்) அவர்களும் தமாஷ் செய்தார்கள். வாகனம் கேட்டு வந்தவரிடம் ஒட்டகக் குட்டி தருவதாகச் சொன்னார்கள். அவர் திகைத்ததும், எந்த ஒட்டகமும் ஒரு ஒட்டகத்தின் குட்டிதானே என்றார்கள். ஆனால் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைப் பார்த்துத் தோழர்கள் சிரித்தபோது, மீஸானில் அவை உஹது மலையைவிடக் கனமானவை என்று சொல்லி அந்தச் சிரிப்பை நிறுத்தினார்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் ஒரு திரைப்பட வழக்கில், மாற்றுத்திறனாளிகளைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவை வேறு, மட்டம் தட்டும் நகைச்சுவை வேறு என்று பிரித்துச் சொன்னது.

"நொண்டி என்றுதானே காலங்காலமாகச் சொன்னோம், இப்போது மட்டும் ஏன் மாற்றுத்திறனாளி?" என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். ஓதியவர்கள் இன்னும் ஒருபடி மேலே போய், ஹதீஸ் அறிவிப்பாளர்களிலேயே அஃரஜ் (கால் ஊனமானவர்), அஃமஷ் (பார்வை மங்கியவர்) இருக்கிறார்களே என்பார்கள். நியாயமான கேள்விதான். அந்தப் பெயர்கள் ஆளை அடையாளம் காட்ட மட்டுமே ஆகுமாக்கப்பட்டன. இழிவு நோக்கம் இருந்தால் ஹராம். வேறு விதமாக அடையாளம் சொல்ல முடிந்தால் அதுவே மேல் என்று இமாம் நவவி (ரஹ்) எழுதுகிறார்கள். 2010-லேயே அரசுத் துறையின் பெயரில் மாற்றுத்திறனாளி என்ற சொல் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் பழைய சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்க என்ன தேவை?

கேலி வீடியோவை ஃபார்வர்டு செய்தவருக்கும் இதில் பங்குண்டு. இது அடியார்களின் ஹக்கு. வெறும் இஸ்திக்ஃபாரோடு தீராது. சம்பந்தப்பட்டவருக்குத் தெரிந்துவிட்டால் நேரில் போய் மாப்புக் கேட்க வேண்டும். தெரியவில்லை, சொன்னால் இன்னும் புண்படுவார் என்றால்? அவருக்காக துஆச் செய்து, எந்தக் குரூப்பில் கேலி செய்தோமோ அதே குரூப்பில் அவருடைய நல்லதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது உலமாக்கள் பலரின் கருத்து.