பாதுகாவலரைத் தேடப் பத்துப் பொருத்தமா?

வளர்ந்து ஆளான பிறகு கத்தோலிக்கத் திருச்சபையில் சேர முடிவெடுத்தவரை, மறைக்கல்வி முடியும் தறுவாயில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "பாதுகாவலரா யாரை எடுத்திருக்கீங்க?" கேள்வியோடு நிபந்தனைகளும் வந்துவிடும். பெண்ணுக்குப் பெண் புனிதர்தான் வேண்டும். பிறந்த நாளை ஒட்டித் திருவிழா வர வேண்டும். பழைய பெயர் அடியோடு போக வேண்டும். பார்க்கிற வேலைக்கு ஏற்றவராக இருந்தால் இன்னும் விசேஷம். ஜாதகக் கட்டம் மட்டும்தான் பாக்கி. இவற்றில் ஒன்றுகூடத் திருச்சபைச் சட்டத்தில் கிடையாது.

உறுதிபூசுதல் என்ற அருளடையாளத்தின்போது பாதுகாவலராகும் புனிதரின் பெயரைப் புதிதாக எடுத்தே ஆக வேண்டும் என்பதே முதலில் தவறு. திருத்தந்தை ஆறாம் பவுல் 1971இல் திருத்தி வெளியிட்ட சடங்கின்படி, கை வைத்து நெற்றியில் கிறிஸ்மா தைலம் பூசுவதும் அதற்குரிய வார்த்தைகளைச் சொல்வதும்தான் அந்த அருளடையாளம். புதுப் பெயர் எடுப்பது ஒரு பழக்கம். அயர்லாந்திலும் போலந்திலும் அமெரிக்காவிலும் அது வேரூன்றியிருக்கிறது. பிரெஞ்சும் ஸ்பானியமும் பேசும் நாடுகளில் பெரும்பாலும் இல்லை. அங்கே யாருடைய உறுதிபூசுதலும் செல்லாமல் போய்விடவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். திருமுழுக்கே பெறாத வயதுவந்தவருக்குத் திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை மூன்றும் ஒரே வழிபாட்டில், வழக்கமாகப் பாஸ்கா திருவிழிப்பு இரவில் நடக்கும். திருமுழுக்கில் சொன்ன பெயரே சில நிமிடங்களில் உறுதிபூசுதலிலும் சொல்லப்படும். ஆயர் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. திருமுழுக்குக் கொடுக்கும் குருவே உறுதிபூசுதலும் கொடுக்கச் சட்டத்தின் 883ஆம் பிரிவு இடம் தருகிறது. சி.எஸ்.ஐ. போன்ற சபைகளிலிருந்து வருகிறவர்களுக்கு மறுபடி திருமுழுக்கே கிடையாது. தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் தண்ணீரில் பெற்ற திருமுழுக்கைத் திருச்சபை ஏற்கிறது. அன்று வைத்த பெயரோடே அவர்கள் வரலாம்.

பழைய பெயரை உதற வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, திருமுழுக்கில் கிறிஸ்தவப் பெயர் வைக்கப்படுவதைப் பங்குக் குரு பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. முடியாவிட்டால் ஒரு புனிதரின் பெயரைச் சேர்த்து இரண்டையும் பதிவேட்டில் எழுதச் சொன்னது. பாட்டி தாத்தாக்கள் கேட்டு வளர்ந்த சட்டம் இது. 1983இல் வந்த இப்போதைய தொகுப்பு, கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் கூடாது என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. வயதுவந்தோருக்காக 1972இல் வந்த சடங்கு நூலும், கிறிஸ்தவ நம்பிக்கைக்கு முரண்படாத உள்ளூர்ப் பெயர்களை ஏற்கிறது. தமிழ்ச்செல்வி தமிழ்ச்செல்வியாகவே உறுதிபூசுதல் பெறலாம். பழைய பெயரில் வேறு கடவுள் இருக்கிறாரே என்றால், தியோனிசியுஸ் என்ற பெயரிலேயே கிரேக்கரின் மதுக் கடவுள் இருக்கிறார். அந்தப் பெயரோடு பல புனிதர்கள் இருக்கிறார்கள்.

பெயரை மாற்றிக்கொண்ட பெரியவர்களும் உண்டு. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். டச்சுத் தளபதி டிலனாய் வழியாகக் கிறிஸ்துவை அறிந்தார். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று லாசர் என்ற விவிலியப் பெயரைத் தமிழில் தேவசகாயம் என ஏற்றார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. 2022 மே 15 அன்று புனிதர் பட்டம். புதிதாக வருகிற ஒரு தமிழருக்குப் பாதுகாவலராக இவரைவிடப் பக்கத்தில் இன்னொருவர் இல்லை என்பது என் கட்சி. 'நம்மூர்ப் புனிதர் பாதுகாவலராக இருந்தால் கெத்தாக இருக்காதே' என்று யோசிப்பவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்ற விதியை நம்புகிறவர்கள் தங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சுற்று வந்தால் போதும். அந்தோணியம்மாள், சவரியம்மாள், சூசையம்மாள் எல்லாம் ஆண் புனிதர்களின் பெயரைத் தாங்கிய பெண்கள். ஆரோக்கியசாமியும் மரியதாசும் மாதாவின் பெயரைத் தாங்கிய ஆண்கள்.

பிறந்த நாளைக் கணக்கிட்டுத் தேர்ந்தெடுப்பது தவறில்லை. ஆனால் அந்தத் தேதிகளே நிலையாக இருந்ததில்லை. 1969இல் நாள்காட்டியைத் திருத்தியபோது தோமையாரின் திருவிழா டிசம்பர் 21இலிருந்து ஜூலை 3க்கும், தாமஸ் அக்குவினாஸின் திருவிழா மார்ச் 7இலிருந்து ஜனவரி 28க்கும் போயின.

அதே 1969தான் இன்னொரு வதந்திக்கும் தாய். "கிறிஸ்டோபரை லிஸ்டிலிருந்து எடுத்துட்டாங்க, அவரை வைக்கக் கூடாது" என்பார்கள். எடுக்கப்பட்டது உலகம் முழுவதற்குமான பொது நாள்காட்டியிலிருந்துதான். உரோமை மறைசாட்சியர் பட்டியலில் ஜூலை 25இல் அவர் இன்றும் இருக்கிறார். அலெக்சாந்திரியா கத்தரீனும் அப்போது நாள்காட்டியிலிருந்து போய், பிறகு விருப்ப நினைவாகத் திரும்பி வந்துவிட்டார்.

பிலோமினாவின் கதை இவ்வளவு எளிதல்ல. நம் வீடுகளில் எத்தனையோ பிலோமினாக்கள் இருப்பதாலும், மைசூர்ப் பேராலயத்துக்கே அவர் பெயர் இருப்பதாலும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உரோமையின் பிரிஸ்கில்லா நிலத்தடிக் கல்லறையில் 1802இல் ஓர் இளம்பெண்ணின் எலும்புகள் கிடைத்தன. குழியை மூடியிருந்த மூன்று சுட்டமண் ஓடுகளில் எழுத்துகள் இருந்தன. வரிசையை மாற்றிப் படித்தபோது பிலோமினா என்ற பெயர் கிடைத்தது. கையில் இருந்தது அவ்வளவுதான். வாழ்க்கை வரலாறு எல்லாம் பின்னால் வந்தது. எலும்புகள் இத்தாலியின் முஞ்ஞானோவுக்குப் போக, அங்கே நலம் பெற்றவர்களின் பேச்சு பரவியது. ஆர்ஸ் ஊர்ப் பங்குக் குரு ஜான் மரிய வியான்னி தம் ஊரில் நடந்த புதுமைகளையெல்லாம் அவர் கணக்கிலேயே எழுதினார். ஆனால் அந்த ஓடுகள் வேறொரு கல்லறையிலிருந்து எடுத்து மறுபடி பயன்படுத்தப்பட்டவையாக இருக்கலாம் என்று தொல்லியலாளர்கள் கருதினார்கள். 1961இல் அவருடைய திருவிழா எல்லா நாள்காட்டிகளிலிருந்தும் நீக்கப்பட்டது. தனிப்பட்ட பக்தியை யாரும் தடுக்கவில்லை. பிலோமினா என்ற பெயருக்கும் தடையில்லை. இருந்தாலும் புதிதாக விசுவாசத்துக்குள் வருகிறவர், வாழ்க்கை தெரிந்த ஒருவரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. படிக்க ஏதாவது இருக்க வேண்டுமே.

படித்துத் தேர்ந்தெடுத்தவர்களில் எடித் ஸ்டைன் முக்கியமானவர். யூதக் குடும்பத்தில் பிறந்த தத்துவ அறிஞர். 1921இல் அவிலா தெரேசாவின் தன்வரலாற்றைப் படித்தார். 1922 ஜனவரி 1 அன்று திருமுழுக்கு, அடுத்த மாதமே உறுதிபூசுதல். தெரேசா என்ற பெயரைத் திருமுழுக்கில் எடுத்தவர், பின்னாளில் கார்மேல் மடத்திலும் அதையே வைத்துக்கொண்டார். தொழில் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் குழந்தை இயேசுவின் தெரேசாவை நினைத்துக்கொள்ளலாம். மடத்தின் அடைப்புக்குள்ளேயே வாழ்ந்து முடித்த அவரை, கடல் கடந்து அலைந்த சவேரியாரோடு சேர்த்து 1927இல் மறைப்பணிகளின் பாதுகாவலராக்கினார் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ்.

"குலதெய்வத்தை விட்டுட்டு வேற ஒரு குலதெய்வத்தைப் புடிச்சிருக்காங்க" என்று உறவுக்காரர்கள் சொல்வதுண்டு. புரியாமல் சொல்வதில்லை, பார்வைக்கு அப்படித்தான் தெரிகிறது. ஆனால் ஆராதனை கடவுளுக்கு மட்டும்தான். புனிதரிடம் கேட்பது, நமக்காக வேண்டிக்கொள்ளும்படி. பாதுகாவலர் பரம்பரையாக வருபவரும் அல்ல. அம்மாவின் புனிதரை மகன் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை; படையல் தவறினால் கோபிக்கவும் மாட்டார்.

சட்டம் உண்மையிலேயே கறாராக இருப்பது வேறோர் இடத்தில்: ஞானப்பெற்றோர். புனிதரைத் தேட மாதக்கணக்கில் செலவழித்துவிட்டு, ஞானத்தாயாக நிற்க யாராவது கிடைத்தால் போதும் என்று கடைசி வாரத்தில் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். 874ஆம் பிரிவின்படி அவர் பொதுவாகப் பதினாறு வயது நிறைந்தவராக, உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்ற கத்தோலிக்கராக, விசுவாச வாழ்க்கை வாழ்பவராக இருக்க வேண்டும். பெற்ற தாயோ தந்தையோ நிற்க முடியாது. சி.எஸ்.ஐ. தோழி ஒரு கத்தோலிக்கரோடு சேர்ந்து சாட்சியாக நிற்கலாம், தனியாக முடியாது. இந்தக் கறாருக்குக் காரணம் எளிது. சந்தேகம் வரும்போது போன் போட்டுக் கேட்க உயிரோடு ஒருவர் வேண்டும்.

கடைசியாக, பதிவேட்டில் ஏறிய பெயர் அரசாங்கத்துக்கும் பெயராகிவிடும் என்ற நினைப்பு. ஆகாது. ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் பழைய பெயரே தொடரும். மாற்ற வேண்டும் என்றால் அரசிதழில் வெளியிடுவது தொடங்கி எல்லாமே தனி வேலை. வேண்டாம் என்றால், பங்கில் ஒரு பெயரும் ரேஷன் அட்டையில் ஒரு பெயருமாக இருப்பதில் தவறேதும் இல்லை.