பழைய காருக்கு இழுவைக் கட்டுப்பாடு

பின்சக்கரங்கள் தள்ள, முன்சக்கரங்கள் திசை காட்டும் பழைய கார்கள் நம் சிறு பட்டணங்களிலும் தோட்டப்புறங்களிலும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. எங்கள் லாபிஸ் பட்டணத்தில் இளைஞர்களின் செல்லப்பிள்ளை டொயோட்டா கொரோலா கே.இ.70. அதன் சொந்த இஞ்சின் 1,290 சி.சி. கொண்டது, ஏறக்குறைய 60 குதிரைத்திறன். அதைக் கழற்றிவிட்டு, 1,587 சி.சி. கொண்ட 4ஏ-ஜி.இ. இஞ்சினைப் பொருத்துவது பல ஆண்டு வழக்கம். திறன் இரு மடங்காகிறது. ஆனால் காரின் எடையோ ஒரு டன்னுக்கும் குறைவு. பின்பகுதி அதிலும் இலேசானது.

இப்படி இஞ்சின் மாற்றிய கார் ஒன்றை என் சித்தப்பா மகன் வைத்திருக்கிறான். “அண்ணே, புதுக் கார்ல வர்ற மாதிரி இதுக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் போட முடியுமா? மழையில பின்னாடி இழுத்துக்கிட்டுப் போகுது” என்று கேட்டான். இயந்திரவியல் படித்தவன் என்ற முறையில் அவனுக்குச் சொன்னதையே சற்று ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன். முடியும் என்பதுதான் பதில். ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரியாமல் பொருத்தினால், அது இல்லாத காரைவிட ஆபத்தான கார்தான் மிஞ்சும்.

சக்கரம் எப்போது வழுக்குகிறது?

டயர் சாலையைப் பிடிப்பது உராய்வினால். நாம் எண்ணெயை அழுத்தும்போது, ஓட்டும் சக்கரம் காரின் வேகத்தைவிடச் சிறிது கூடுதலாகச் சுழல்கிறது. கார் மணிக்கு 20 கிலோமீட்டரில் போக, பின்சக்கரம் 22 கிலோமீட்டருக்குரிய வேகத்தில் சுழன்றால் நழுவல் 10 விழுக்காடு. இந்த நழுவல் தவறன்று. அது இல்லாமல் இழுவையே பிறக்காது. தார்ச்சாலையில் ஏறக்குறைய 10 முதல் 20 விழுக்காடு வரை பிடிமானம் உச்சத்தில் இருக்கும். அதைத் தாண்டினால் இழுவை குறைவதோடு, பக்கவாட்டுப் பிடிமானமும் மளமளவெனச் சரிகிறது. வளைவில் காரின் வால் வெளியே வீசப்படுவதற்கு இந்த இரண்டாவது இழப்பே காரணம்.

நழுவலை அந்த எல்லைக்குள் நிறுத்துவதே இழுவைக் கட்டுப்பாட்டின் வேலை. அது புதிதாக ஓர் அணுவளவு பிடிமானத்தையும் உண்டாக்குவதில்லை. டயரும் சாலையும் தருவதை வீணாக்காமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இந்தச் சிந்தனை பழையது. அமெரிக்காவின் பியூக் நிறுவனம் 1971இல் ‘மேக்ஸ்-டிராக்’ என்ற பெயரில் ஓர் ஏற்பாட்டை விற்றது. முன்சக்கர வேகத்தையும் கியர்ப்பெட்டியிலிருந்து வெளிவரும் வேகத்தையும் ஒப்பிட்டு, வேறுபாடு மிகுந்தால் தீப்பொறியை நிறுத்தும். 1985இல் வோல்வோ எரிபொருளைக் குறைக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஆக, நாம் பழைய காரில் செய்ய நினைப்பது பியூக் செய்ததையே சற்று நுணுக்கமாகச் செய்வதாகும்.

டயருக்கே முதலிடம் என்பதற்கு நம்மவர் ஒருவரின் அனுபவமே சான்று. தமிழ்நாட்டைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா 1 பந்தயங்களில் ஓட்டியபோது இழுவைக் கட்டுப்பாடு அனுமதிக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டு சிப்பாங்கில் 11ஆவதாக முடித்தார். 2008இல் அந்த வசதி தடை செய்யப்பட்டது. 2012இல் எச்.ஆர்.டி. என்ற மிக மெதுவான காரில் அவர் மீண்டும் சிப்பாங்கிற்கு வந்தார். கடைசி வரிசையிலிருந்து புறப்பட்ட அவர், அடைமழையால் பந்தயம் நிறுத்தப்பட்டபோது 10ஆம் இடத்தில் இருந்தார். மற்றவர்கள் இடைநிலை டயரோடு தொடங்கி, பிறகு மாற்ற ஓடியபோது, இவர் தொடக்கத்திலேயே முழு மழை டயரைப் பூட்டியிருந்தார். மின்னணு உதவி யாருக்கும் இல்லை. வேறுபாடு ரப்பரில் இருந்தது.

ஆகவே தம்பியிடம் முதலில் டயரைக் காட்டச் சொன்னேன். பள்ளங்கள் சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டரை ஒட்டி நின்றன. பள்ளம் தேய்ந்த டயர் தண்ணீரை வெளியேற்றாது. அதன் மேல் மிதக்கும். நாசா ஆய்வாளர்கள் 1963இல் தந்த சூத்திரத்தின்படி, மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 30 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அது மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டர். 20 ஆகக் குறைந்தால் சுமார் 75. விமானச் சக்கரங்களுக்கென எழுதப்பட்ட சூத்திரம் என்பதால் காருக்கு இதைத் தோராயமாகவே கொள்ள வேண்டும். எனினும் நம் கூட்டரசுச் சாலைகளின் பொது வேக வரம்பும் 90தான் என்பதை எண்ணிப் பாருங்கள். மிதக்கும் டயருக்கு எந்தக் கணினியும் உதவாது. முதல் செலவு டயருக்கே என்று முடிவாயிற்று. தம்பிக்கு அது பிடிக்கவில்லை. டயரை யாரிடம் காட்டிப் பெருமைப்படுவது!

மூன்று உறுப்புகள்

இனி ஏற்பாட்டுக்கு வருவோம். வேகத்தை அறிய உணரிகள், முடிவெடுக்க ஒரு நுண்கட்டுப்படுத்தி, இஞ்சினை அடக்க ஒரு வழி ஆகிய மூன்றும் வேண்டும்.

பழைய காரில் ஏ.பி.எஸ். இல்லை; எனவே சக்கர உணரிகளும் இல்லை. சிலர் பிரேக் தட்டைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளையே உணரி எண்ணுமாறு வைப்பார்கள். அது போதாது. 13 அங்குல ரிம்மில் 175/70 டயரின் சுற்றளவு சுமார் 1.8 மீட்டர். நான்கு போல்ட்டு என்றால் 45 சென்டிமீட்டருக்கு ஒரு துடிப்பு. மணிக்கு 20 கிலோமீட்டரில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 81 மில்லிவினாடி. அதற்குள் 3,000 சுற்று வேகத்தில் ஓடும் நான்கு சிலிண்டர் இஞ்சின் எட்டு முறை வெடித்து முடித்துவிடும். 48 பல் கொண்ட வளையம் பொருத்தினால் அந்த இடைவெளி 7 மில்லிவினாடிக்கும் கீழே வருகிறது. சுருள்வகை உணரி மெதுவான வேகத்தில் மிகப் பலவீனமான சைகையையே தரும். ஹால் வகையே ஏற்றது. வளையம் ‘ஹப்’போடு சரியாக மையம் பொருந்த வேண்டும் என்பதால், இதைக் கடைசல் பட்டறையில் செய்வதே முறை.

கணக்கில் இரண்டு சிக்கல்கள் உண்டு. புறப்படும்போது முன்சக்கர வேகம் சுழியம். சுழியத்தால் வகுக்க முடியாது. எனவே மிகக் குறைந்த வேகத்தில் விழுக்காட்டை விட்டுவிட்டு, மணிக்கு 3 கிலோமீட்டர் வேறுபாடு வரை அனுமதி என்று வைத்தோம். இரண்டாவது, திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் போகின்றன. கே.இ.70இன் சக்கர இடைத்தூரம் 2.4 மீட்டர். பின் அச்சு 5 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், வழுக்காத நிலையிலேயே முன்பக்கம் 11 விழுக்காடு வேகமாகச் சுழலும். குறுகிய சந்திப்பில் நம் கருவி தாமதமாகத்தான் விழிக்கும் என்று பொருள்.

இஞ்சினை அடக்குவது எப்படி? 3,000 சுற்றில் வினாடிக்கு 100 வெடிப்புகள். நான்கில் ஒன்றை நிறுத்தினால் திருப்புவிசை ஏறக்குறைய கால் பங்கு குறையும். கார்புரேட்டர் இஞ்சினில் தீப்பொறியைத்தான் நிறுத்த முடியும். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய் வெடிக்கும். வினையூக்கி மாற்றி உள்ள காராக இருந்தால் அது சூடேறிக் கெட்டுவிடும். எரிபொருள் பீய்ச்சும் இஞ்சினில் பெட்ரோலையே நிறுத்தலாம். அது சுத்தமான வழி. ஆனால் நிறுத்தினால் அந்தச் சிலிண்டருக்கு முழுவதும் நிறுத்த வேண்டும். பாதி கொடுத்தால் கலவை மெலிந்து, வெப்பம் ஏறி, பிஸ்டனுக்கே கேடு. பிடிமானம் திரும்பியதும் வலுவை ஒரேயடியாக விடாமல் படிப்படியாக விட வேண்டும். இல்லையேல் மீண்டும் வழுக்கி, கார் தவளைபோல் துள்ளும்.

ஒரு சக்கரம் சேற்றிலும் மற்றது தாரிலும் நின்றால் இந்த முறை கைகொடுக்காது. சாதாரண டிஃபரென்ஷியல் இரு பக்கமும் சமமான திருப்புவிசையையே தரும். வழுக்கும் பக்கம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் மற்றதற்கும். அதற்கு பிரேக்கைத் தனித்தனியே இயக்கும் ஏற்பாடு வேண்டும். பிரேக் குழாயில் வீட்டுக் கைவேலை வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 2018 முதல் மலேசியாவில் அறிமுகமாகும் புதிய பயணிகள் கார் ரகங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட நிலைப்புக் கட்டுப்பாடு இதிலிருந்து வேறானது. அது கார் சுழல்வதை உணர்ந்து ஒவ்வொரு சக்கரத்தையும் தனியே பிடிக்கிறது. நம்முடையது எண்ணெயைக் குறைப்பது மட்டுமே. வளைவில் மிகுந்த வேகத்தோடு நுழைந்துவிட்டாலும், மழையில் சட்டெனக் கீழ்க்கியருக்கு மாற்றிப் பின்சக்கரம் இறுகினாலும், நம் கருவி வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும்.

கருவி பொய் சொன்னால்?

எல்லாவற்றையும்விட நான் அதிகம் யோசித்தது இதைத்தான். லாபிஸ், சிகாமட்டுக்கும் யோங் பெங்கிற்கும் இடையே முதலாம் எண் கூட்டரசுச் சாலையில் இருக்கிறது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை எங்களைத் தொடாமல் போய்விட்டதால், செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளோடு இதே சாலையில்தான் எங்கள் பயணம். தம்பி ஒரு லோரியை முந்துகிறான்; எதிர்த்தடத்தில் இருக்கிறான். அந்த நேரம் பார்த்து முன்சக்கர உணரியின் கம்பி அறுகிறது. முன்சக்கரம் நின்றுவிட்டது, பின்சக்கரம் 80இல் சுழல்கிறது என்று கருவி எண்ணும். உடனே இஞ்சினை அணைக்கும். எதிரே வண்டி வரும்.

ஆகையால் மூன்று விதிகளை வைத்தோம். இரு முன்சக்கரங்களும் நடக்கவியலாத அளவுக்கு முரண்பட்டாலோ, ஓடும் வேகம் கண்சிமிட்டும் நேரத்தில் சுழியமானாலோ, கருவி தன்னைத் தானே விலக்கிக்கொண்டு சிவப்பு விளக்கை ஏற்ற வேண்டும். எந்நிலையிலும் பாதிக்கு மேல் வலுவைக் குறைக்கக் கூடாது. கருவிக்கு மின்சாரம் போனால் இஞ்சின் எப்போதும்போல் ஓட வேண்டும். இவற்றைச் சோதிக்க, காரைத் தாங்கியில் ஏற்றி, ஓடும்போதே ஒவ்வொரு கம்பியாகக் கழற்றிப் பார்த்தோம். அந்த ஒரு சோதனைக்கு, கருவியைக் கட்டியதைவிடக் கூடுதல் நாள் பிடித்தது.

மாற்றிய இஞ்சினின் எண்ணைச் சாலைப் போக்குவரத்துத் துறையில் பதிந்து ‘கிராண்டில்’ ஏற்றியிருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எண் ஒவ்வாத காருக்கு விபத்து நேர்ந்தால் காப்புறுதிப் பணம் கேட்கும்போது சிக்கல் எழும்.

கடைசியாக, ஒரு விசையையும் பொருத்தினோம். தோட்டத்துச் செம்மண் சேற்றில் டயர் பள்ளங்களில் அப்பிய மண்ணை உதற, சக்கரம் கொஞ்சம் சுழலத்தான் வேண்டும். அங்கே கட்டுப்பாடு காரை நட்ட இடத்திலேயே நிறுத்திவிடும். விசையைத் தட்டினால் கருவி ஓய்வெடுக்கும். தார்ச்சாலைக்கு ஏறி வேகம் 40ஐத் தாண்டியதும், ஓட்டுநர் மறந்தாலும், அது தானாகவே விழித்துக்கொள்ளும்படி எழுதியிருக்கிறோம்.