லொறி, வானுக்கு ஸ்பிரிங் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

மூன்று குடும்பங்கள் கையிலிருந்த காசைச் சேர்த்து ஒரு பழைய சிறிய லொறி வாங்கியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நெல், விறகு, தண்ணீர், வீட்டுச் சாமான்கள் எல்லாம் அதில்தான் போய்வர வேண்டும். குளக்கட்டுப் பாதையிலும் கிரவல் றோட்டிலும் ஓடி ஓடி, ஒருநாள் பின்பக்கம் பதிந்துவிடுகிறது. "இன்னும் இரண்டு பிளேட் போட்டால் சரி" என்று அயலவர் சொல்கிறார். அது சரியான யோசனையா? இந்தப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

ஸ்பிரிங் செய்யும் வேலை

பின்சக்கரங்களின் மேலே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும் உருக்குத் தகடுகளையே ஸ்பிரிங் பிளேட் என்கிறோம். இரு முனைகளிலும் வளையம் உள்ள நீண்ட தகடு மெயின் பிளேட். சுமையைத் தாங்குவதோடு அச்சைத் தன் இடத்தில் பிடித்து வைத்திருப்பதும் இந்த அடுக்குத்தான். ஆகவே மெயின் பிளேட் முறிந்தால் அச்சு விலகி, வாகனம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

குறை எங்கே என்று முதலில் பாருங்கள்

வாகனத்தை வெறுமையாக, சமதரையில் நிறுத்துங்கள். சக்கரத்தின் நடுவிலிருந்து அதற்கு நேர்மேலே உள்ள பொடியின் விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் குறைந்திருந்தால் அந்தப் பக்கத்து ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது பிளேட் முறிந்திருக்கலாம். பின்பு முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவரை இரு பக்கமும் அளவுங்கள். அளவு வேறுபட்டால் பிளேட்டுகளை ஒன்றாகப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்து, அச்சு நகர்ந்திருக்கக் கூடும்.

பள்ளத்தில் விழுந்தெழுந்த பின்னும் வாகனம் துள்ளிக்கொண்டே இருந்தால், குறை பெரும்பாலும் சொக் அப்சோபரில்தான். அதற்கு ஸ்பிரிங் மாற்றுவது வீண் செலவு.

சுமையைக் கணக்கிடுங்கள்

உங்கள் லொறி ஏற்றக்கூடிய சுமை 1,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ நெல்மூட்டை 25 ஏற்றலாம். ஆனால் கூடவே 60 கிலோ நிறையுள்ள 3 பேரும், 200 லீற்றர் தண்ணீர்ப் பீப்பா ஒன்றும் போனால் 380 கிலோ அவற்றுக்கே போய்விடும். மிஞ்சுவது 1,120 கிலோ, அதாவது 18 மூட்டைதான். மணல் விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு கியூப் மணல், அதாவது 100 கன அடி, ஏறக்குறைய 4,500 கிலோ நிறை இருக்கும். அரைக் கியூப் என்றாலும் இந்த லொறிக்கு அது மிகை.

பிளேட் கூட்டினால் சுமை கூட்டலாமா?

கூட்டக் கூடாது. பிளேட்டைக் கூட்டினால் லொறி பதியாது, உண்மைதான். ஆனால் டயர், பிரேக், அச்சு, செஸி எல்லாம் பழைய அளவுக்கே செய்யப்பட்டவை. முன்பு வாகனம் பதிந்து "சுமை கூடிவிட்டது" என்று எச்சரித்தது. இப்போது அந்த எச்சரிக்கையும் இல்லாமல் போய்விடும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போதுதான் உண்மை தெரியவரும்.

சில வான்களிலும் லொறிகளிலும் பின் அச்சோடு தொடுக்கப்பட்ட ஒரு பிரேக் வால்வு உண்டு. பின்பக்கம் உயர்ந்து நின்றால், சுமை இல்லை என்று கொண்டு அது பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். பின்பக்க உயரம் மாறினால் இந்த வால்வையும் சரிசெய்விக்க வேண்டும்.

தடிப்பிலும் கவனம் தேவை. ஒரே தடிப்புள்ள 5 பிளேட்டுகளை 6 ஆக்கினால் ஸ்பிரிங் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இறுகும். ஆனால் எல்லாப் பிளேட்டுகளையும் 10 மி.மீ. தடிப்பிலிருந்து 11 மி.மீ. ஆக்கினாலே மூன்றில் ஒரு பங்கு இறுகிவிடும். அளவுக்கு மிஞ்சி இறுகிய ஸ்பிரிங் வெறும் வண்டியைத் துள்ள வைக்கும். செஸியில் வெடிப்பு விழும். பின்னால் இருப்பவர்களின் முதுகும் நோகும்.

கடைக்குப் போகுமுன்

பின்வருவனவற்றை ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள்:

1. வாகனத்தின் மொடல், செஸி இலக்கம்.
2. பிளேட்டின் அகலம், ஒவ்வொரு பிளேட்டின் தடிப்பு, பிளேட்டுகளின் எண்ணிக்கை. தடிப்பை வேணியர் இடுக்கிமானியால் அளப்பது நல்லது.
3. சென்டர் போல்ட்டிலிருந்து முன்வளையம் வரையும், பின்வளையம் வரையும் உள்ள நீளம். இவை இரண்டும் எப்போதும் சமமாக இருப்பதில்லை. மாற்றிப் பூட்டினால் அச்சு இடம் மாறிவிடும்.
4. வளையத்தின் உள் விட்டம், புஷ்ஷின் அளவு.

முடிந்தால் பழைய பிளேட்டையே கையோடு கொண்டுபோங்கள்.

கையிருப்புக் குறைந்தவர்கள் பாவித்த பிளேட் வாங்குவதுண்டு. அப்படியானால் ஒரே வகை வாகனத்தில் இருந்த முழு அடுக்கை, இரு பக்கத்துக்கும் சோடியாக வாங்குங்கள். வெடிப்பைக் கண்டறிய ஒரு எளிய வழி உண்டு. பிளேட்டைக் கழுவி, மண்ணெண்ணெய் பூசிச் சற்றுநேரம் விட்டு, நன்றாகத் துடைத்துச் சோக்குத்தூள் தடவுங்கள். வெடிப்பு இருந்தால் ஊறிய எண்ணெய் வெளியே வந்து கோடு காட்டும். வளையத்தின் அருகையும் நடுத்துளையையும் முக்கியமாகப் பாருங்கள். முறிந்து ஒட்டுப்போட்ட பிளேட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஒட்டும் சூட்டில் உருக்கின் பதம் கெட்டு, அதே இடத்துக்கு அருகில் மீண்டும் முறியும்.

பூட்டும்போது

ஜாக்கை மட்டும் நம்பி வாகனத்தின் கீழே படுக்காதீர்கள். தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கல் வைத்து, செஸியின் கீழே உறுதியான ஸ்டான்ட் அல்லது பருத்த மரக்கட்டை வையுங்கள். செங்கல், சீமெந்துக் கல் நொறுங்கிவிடும். பழைய யூ போல்ட்டுகளை மீண்டும் பாவிக்காமல் புதியன போடுங்கள். புஷ் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குவது வாகனம் தன் சக்கரத்தில் நிற்கும்போதுதான். இல்லாவிட்டால் றப்பர் முறுக்குண்டு விரைவில் கிழியும். சில நூறு கிலோமீற்றர் ஓடிய பின் யூ போல்ட்டுகளை மறுபடியும் இறுக்குங்கள். இதை மறப்பதால் புது ஸ்பிரிங்கும் சென்டர் போல்ட்டோடு முறிவதுண்டு.

கலந்துரையாடுவோம்

• எமது வாகனம் ஏற்றக்கூடிய சுமை எவ்வளவு? அது எத்தனை மூட்டை?
• இரண்டு நடையாகப் போகும் டீசல் செலவு கூடவா, ஒரு அச்சு முறிந்தால் வரும் செலவு கூடவா?
• மூட்டைகளின் மேலே பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வழக்கத்தை நிறுத்த நாம் என்ன செய்யலாம்?